நிற்கும் செய்மதியும் ஓடும் ஊர்தியும்

செய்மதித் தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வழியிலேயே அதனைச் சொல்லிச் செல்வர். 1945 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஆதர் சி. கிளார்க் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் தொடங்குவர். 1960களின் பெருங் கிண்ணங்களை வியப்பர். அக்கிண்ணங்கள் படிப்படியாகச் சிறுத்து வீட்டுக் கூரைக்கும், ஈற்றில் மோட்டார் வண்டியின் கூரைக்கும் வந்து சேர்ந்தன என முடிப்பர். பெரியது சிறியதாயிற்று, சிறியது நகர்வதாயிற்று என்பதே இக்கதையின் சாரம். வீட்டைப் பொறுத்தவரை இது பெரிதும் பொருந்தும். ஊர்தியைப் பொறுத்தவரை பொருந்துமா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. ஊர்தியின்மேல் அன்ரனா ஏறிய கதை செய்மதிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. செய்மதி வந்தபோது அக்கதை முன்னேறியது என்பதிலும் பார்க்க, நெடுங்காலம் தடைப்பட்டு நின்றது என்பதே பொருத்தமாகும். அத்தடை எதனால் ஏற்பட்டது, எவ்வாறு நீங்கியது, நீங்கியபோது யார் பயனடைந்தனர் என்பவற்றை நோக்குவோம்.

1899 ஒக்ரோபரில் தென்னாபிரிக்காவில் போவர் யுத்தம் மூண்டபோது பிரித்தானியத் தரைப்படை மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளையும் அவருடைய கம்பனியின் பொறியியலாளர் சிலரையும் அங்கு வரவழைத்தது. கருவிகள் வண்டிகளில் ஏற்றப்பட்டு உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. வண்டியில் ஏற்றிவிட்டால் நிலையம் நடமாடும் நிலையமாகிவிடும் என்று படைத்துறையினர் எண்ணினர் போலும். அக்காலக் கருவிகள் நீண்ட அலைகளையே பயன்படுத்தின. நீண்ட அலைக்கு உயர்ந்த கம்பி வேண்டும். உயர்ந்த கம்பிக்குக் கம்பம் வேண்டும். தக்க கம்பங்கள் கொண்டு வரப்படவில்லை. கிடைத்த மூங்கில்களை இணைத்து நிறுத்தினர். வரண்ட காலநிலையில் அவை பிளந்தன. பட்டம் ஏற்றிக் கம்பியைத் தூக்கிப் பார்த்தனர்; காற்றை நம்பி யுத்தம் நடத்த இயலவில்லை. 1900 பெப்ரவரியில் தரைப்படை அம்முயற்சியைக் கைவிட்டது. அதே கருவிகளைப் பெற்றுக்கொண்ட கடற்படை அவற்றால் நற்பயன் கண்டது. கப்பல் தனக்கு வேண்டிய கம்பத்தைத் தானே சுமந்து செல்வது. அதன் கீழுள்ள உப்பு நீரோ நல்ல மின்கடத்தி. ஊர்திகளுள் கப்பல் முந்திக்கொள்வதும் தரை வண்டி பின்தங்கி வருவதும் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவனவாகும்.

இத்தோல்வியை மார்க்கோனி மறக்கவில்லை. 1901 ஆம் ஆண்டில் தோர்னிக்ரொவ்ற் என்னும் கம்பனியின் நீராவி வண்டியொன்றின் கூரையில் உயரமான உலோக உருளையொன்றை அன்ரனாவாகப் பொருத்தினார். மோட்டார் ஊர்தியில் அமைந்த முதல் வானொலி நிலையம் என இதனைக் கூறுவது வழக்கம். அவ்வண்டியின் புகைப்படம் இன்றும் நூல்களில் இடம்பெறுகின்றது. அப்படத்தை நோக்குவோர் கவனியாது விடும் அம்சமொன்று உண்டு. அவ்வுருளை சாய்த்து மடிக்கக்கூடியது. வண்டி ஓடும்போது உருளையைக் கூரைமேற் படுக்க வைப்பர்; செய்தி அனுப்ப வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தி அதனை நிமிர்த்துவர். ஆகவே முதல் வானொலி வண்டி ஓடவும் செய்தது, பேசவும் செய்தது. இரண்டையும் அது பெரும்பாலும் வெவ்வேறு நேரங்களிலேயே செய்தது.

இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் நிலை குறுகிய அலைகள் கைவந்த பின்னரே ஏற்பட்டது. அலைநீளம் குறையக் கம்பியின் நீளமும் குறையும். இரண்டு மூன்று முழ நீளமான கம்பியொன்றை வண்டியின்மேல் நிமிர்த்தி வைத்தால் போதும் என்னும் நிலை வந்தது. இங்கு ஒரு பௌதிக உண்மையைக் குறிப்பிடுதல் அவசியம். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இதிலேயே தங்கியுள்ளது. நிமிர்ந்து நிற்கும் கம்பி தன்னைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக அலையை வீசும். எல்லாத் திசைகளிலுமிருந்தும் ஒரே அளவாக வாங்கும். வண்டி வடக்கு நோக்கினாலென்ன, தெற்கு நோக்கினாலென்ன, கம்பிக்கு வேறுபாடில்லை. மூலை திரும்பும் வண்டிக்கு இதனைவிடச் சிறந்த துணை வேறில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரப் பொலிசார் 1928 ஏப்ரலில் தமது ரோந்து வண்டிகளில் வானொலிக் கருவிகளை ஒழுங்கான சேவையில் அமர்த்தினர். அவ்வண்டிகள் கேட்குமே தவிரப் பேசா. நிலையத்திலிருந்து கட்டளை வரும். கட்டளையைக் கேட்டவர் மறுமொழி கூற விரும்பினால் தெருவோரத் தொலைபேசியைத் தேடிச் செல்ல வேண்டும். வண்டியிலிருந்தும் பேசும் இருவழி முறை நியூ ஜேர்சி மாநிலத்தின் பயோன் நகரில் 1933 இல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஐந்தாண்டு இடைவெளிக்குப் பெருங் காரணம் தொழில்நுட்பமே. ஓடும் வண்டியில் வாங்கி வைப்பது எளிது. மின்வலு வேண்டும் அனுப்பியை வைப்பது கடினம். ஆயினும் முதலில் வந்தது கட்டளையைக் கேட்கும் செவி, பின்னர் வந்தது பேசும் வாய் என்னும் ஒழுங்கு சமூக வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது. ஊர்தியின் அன்ரனா ஊர்தியில் இருப்பவனுக்காக வந்ததிலும் பார்க்க அவனை ஏவுபவனுக்காகவே முதலில் வந்தது.

இதே காலத்தில் பொது மக்களின் கார்களிலும் வானொலி புகுந்தது. 1930 இல் கல்வின் சகோதரர்களின் கம்பனி 'மோட்டரோலா' என்னும் பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியது. அக்காலக் கார்களின் கூரை மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. துணியின் கீழ் தாங்கலாக வைக்கப்பட்ட கோழிக்கூட்டு வலையே நல்ல அன்ரனாவாக அமைந்தது. அன்ரனா உள்ளே இருந்தது; வெளியே எதுவும் தெரியாது. 1935 ஆம் ஆண்டுக்குரிய கார்களில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி முழு உருக்குக் கூரையைப் புகுத்தியதும் அவ்வசதி ஒரேயடியாக அற்றுப் போயிற்று. உலோகக் கூரையின் கீழ் வானலை நுழையாது. அன்ரனா முதலில் மிதிபலகையின் கீழ் ஒளிந்தது; மிதிபலகையும் மறைந்தபின் பக்கவாட்டில் நீண்ட கம்பியாக வெளியே வந்தது. 1960களின் இறுதியில் முன் கண்ணாடியினுள்ளே மெல்லிய கம்பியைப் பதிக்கும் முறை தோன்றியபோது அது மீண்டும் ஒருமுறை உள்ளே புகுந்தது. உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்னும் வழக்கு செய்மதி இணையத்தோடு புதிதாக எழுந்ததெனக் கருதுவோர் உளர். துணிக்கும் உருக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே அது தொண்ணூறு ஆண்டுகளாக நடைபெற்று வருவது.

வெளியே தெரியும் அன்ரனாவுக்கு இன்னொரு விலையும் இருந்தது. முதலாம் உலக யுத்தத்தில் கம்பியில்லாத் தந்திப் பிரிவிற் பணியாற்றிய ஜேர்மன் தளபதி குடேரியன், கவசத் தாங்கிப் படையின் வலு அதன் வானொலியிலேயே தங்கியுள்ளது என்பதை நன்குணர்ந்திருந்தார். 1940 இல் பிரான்சினுள் புகுந்த படையின் கட்டளை ஊர்திகளின்மேல் கட்டிற்சட்டம் போன்ற பெரிய குழாய் அன்ரனாக்கள் காணப்பட்டன. வட ஆபிரிக்காவில் ரொமெல் பயன்படுத்திய 'கிரைவ்' என்னும் ஊர்தியிலும் இச்சட்டத்தைக் காணலாம். தூரத்திலிருந்து நோக்கும் எதிரிக்கு எந்த ஊர்தியில் தளபதி இருக்கிறார் என்பதை அச்சட்டமே காட்டிக்கொடுத்தது. பின்னர் வந்த ஊர்திகளில் அதனை நீக்கி, எளிதிற் கண்ணிற்படாத, உச்சியில் நட்சத்திரம்போல் விரியும் கம்பியை வைத்தனர். சோவியத் தாங்கிகளிலும் கோபுரத்தைச் சுற்றிக் கைப்பிடிபோல் அமைந்த அன்ரனா, வானொலியுடைய கட்டளைத் தாங்கியைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டியது. தொடர்பு கொள்பவன் தன்னை வெளிப்படுத்துகிறான் என்பது பிற்காலத்தில் வேறொரு வடிவில் மீண்டும் தோன்றும்.

இனிச் செய்மதிக்கு வருவோம். 1962 யூலையில் ஏவப்பட்ட ரெல்ஸ்ரார் தாழ்ந்த பாதையில் ஓடியது. இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிய அச்செய்மதி அத்திலாந்திக்கின் இரு கரைக்கும் ஒருங்கே தெரிந்தது ஏறக்குறைய இருபது நிமிடம் மட்டுமே. அதனைத் துரத்திப் பிடிப்பதற்காக இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் 26 மீற்றர் விட்டமுடைய கிண்ணமொன்று அமைக்கப்பட்டது. அதன் நிறை 1,100 தொன்னுக்கு மேல். இத்தகைய பெருங் கருவியைக் கணத்துக்குக் கணம் திருப்புவதிலுள்ள இடர்ப்பாட்டை நோக்கும்போது கிளார்க்கின் கருத்து எத்துணை அருமையானது என்பது புலனாகும். மத்திய கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 35,800 கிலோமீற்றர் உயரத்தில் வைக்கப்படும் செய்மதி பூமியோடு சேர்ந்து ஒரு நாளில் ஒருமுறை சுற்றும். பூமியில் நிற்பவனுக்கு அது வானில் அசையாது நிற்பதாகத் தோன்றும். கிண்ணத்தை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதும்.

கிளார்க் 1956 முதல் 2008 இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். 1975 இல் இந்தியா தனது கிராமங்களுக்குச் செய்மதி வழியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது இந்திய விண்வெளி நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலும் ஒரு கிண்ணத்தைப் பொருத்தினர். இலங்கையில் தொலைக்காட்சிச் சேவை ஆரம்பமாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. தம் சிந்தனையின் பயனைத் தம் வீட்டிலேயே அவர் கண்டார். அந்த 'வீடு' என்னும் சொல்லையே நாம் கவனித்தல் வேண்டும். நிற்கும் செய்மதி நிற்கும் வீட்டுக்குக் கிடைத்த கொடை. ஓடும் ஊர்திக்கு அதனாற் கிடைத்த நன்மை மிகச் சொற்பம்.

காரணம் கணிதத்திலுள்ளது. கொழும்பிலிருந்து ஏ-9 வீதி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஒருவன் நானூறு கிலோமீற்றர் அளவில் பயணம் செய்கிறான். நிலைச் செய்மதியின் திசை அவனுக்கு மாறுவது முழுப் பயணத்திலும் ஏறக்குறைய 3 பாகை மட்டுமே. ஆனால் அனுராதபுரத்தில் ஒரு சந்தியில் திரும்பினால் வண்டி 90 பாகை சுழன்றுவிடும். பள்ளமொன்றில் சில்லு விழுந்தால் கணப்பொழுதில் சில பாகை சரியும். எனவே ஊர்தியின் அன்ரனாவுக்குப் பயணத்தின் தூரம் பொருட்டன்று. திருப்பமும் குலுக்கலுமே பொருட்டு. முன்னர் கூறிய நிமிர்ந்த கம்பி இவற்றைப் பொருட்படுத்தாதிருந்தது. மிகத் தொலைவிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை வாங்கும் கிண்ணமோ ஒரு குறுகிய கற்றையை மட்டுமே பார்க்கும். 2.4 மீற்றர்க் கிண்ணத்தின் கற்றை, 12 கிகாஹேர்ட்ஸ் அளவிலான மீடிறனில், முக்காற் பாகைக்கும் குறைவான அகலமுடையது. குலுங்கும் வண்டியிலிருந்து ஊசிக்கு நூல் கோப்பதற்கு இது ஒப்பாகும்.

இவ்விடத்திலும் கப்பலே முந்தியது. 1963 ஓகஸ்ட் 23 ஆம் திகதி ஜனாதிபதி கென்னடி, சின்கொம்-2 செய்மதி வழியாக நைஜீரியப் பிரதமர் அபுபக்கர் தபாவா பலேவாவுடன் உரையாடினார். ஆபிரிக்கப் பக்கத்தின் நிலையம் லாகோஸ் துறைமுகத்தில் நின்ற 'கிங்ஸ்போட்' என்னும் அமெரிக்கக் கப்பல். அதன்மேல் 30 அடிக் கிண்ணமொன்று, கப்பலின் அசைவை ஈடுசெய்யும் பொறிமுறையுடன் பொருத்தப்பட்டிருந்தது. 1976 இல் மரிசாற் செய்மதிகளும் 1979 இல் நிறுவப்பட்ட இன்மார்சாற் அமைப்பும் இவ்வசதியை வணிகக் கப்பல்களுக்குக் கொண்டு வந்தன. கப்பல் மெதுவாக ஆடும். அதற்கு மேலே பாலமோ மரமோ இல்லை. பாரத்தைப் பற்றி அதற்குக் கவலையுமில்லை. தரை வண்டிக்கு இம்மூன்றும் எதிர்மாறானவை.

ஆகவே தரை வண்டி மார்க்கோனியின் 1901 ஆம் ஆண்டு நிலைக்கே திரும்பியது என்றால் மிகையாகாது. 1984 இல் அமெரிக்காவில் கோனஸ் என்னும் நிறுவனம் செய்மதி வழிச் செய்தி சேகரிப்பைத் தொடங்கிற்று. கூரையிற் கிண்ணம் தாங்கிய லொறி சம்பவ இடத்துக்கு விரைந்து செல்லும். அங்கு நின்று, ஜக்குகளை இறக்கி, சமனாகி, மடிந்து கிடந்த கிண்ணத்தை நிமிர்த்தி, செய்மதியைத் தேடிப் பிடித்தபின் ஒளிபரப்பும். பாய்ச்சலின் வேகமும் படத்தின் தெளிவும் மாறியிருந்தன. நின்றாற்றான் பேசலாம் என்னும் விதி மாறவில்லை.

சிறிய கிண்ணத்தை வைத்தாலென்ன என்று கேட்கலாம். கிண்ணம் சிறுக்கக் கற்றை அகலும். குறி தவறும் அபாயம் குறையும். ஆயின் வேறோர் இடர் தோன்றும். மத்திய கோட்டுக்கு மேலுள்ள அந்த ஒரே வளையத்தில் செய்மதிகள் நெருக்கமாக நிற்கின்றன. 1983 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு அவற்றை 2 பாகை இடைவெளியில் நிறுத்த அனுமதித்தது. 30 சென்ரிமீற்றர் அன்ரனாவின் கற்றை ஏறக்குறைய 6 பாகை அகலும். அது ஒரு செய்மதியை விளித்தால் அயலிலுள்ள செய்மதிகளும் திரும்பிப் பார்க்கும். எல்லாரும் விரும்பிய அசையாத இடம் ஒன்றேயாதலால் அவ்விடத்தின் நெரிசலே சிறு அன்ரனாவுக்குப் பகையாயிற்று.

இச்சிக்கலை அவிழ்த்த முதற் பெரு முயற்சி 1988 இல் குவால்கொம் நிறுவனம் வெளியிட்ட ஒம்னிராக்ஸ் முறையாகும். நெடுந்தூர லொறியின் தலைப்பகுதியில் சிறு குமிழ் போன்ற மூடியின் கீழ் ஒரு கொம்பு அன்ரனா சுழலும். அதன் கற்றை பக்கவாட்டில் ஒடுங்கியது, மேல்கீழாக விரிந்தது. எனவே கிடையாக மட்டும் திருப்பினாற் போதும். அனுப்பும் சமிக்ஞையைப் பரந்த மீடிறன் பட்டையில் மெலிதாகப் பரப்பினர். அயற் செய்மதிக்கு அது இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்துவிடும். பின்னர் கைத்தொலைபேசிகளிற் புகழ்பெற்ற நுட்பத்தின் உறவு முறை இது. ஓடும் லொறி ஓடியவாறே செய்மதியோடு பேசியது. பேசியது சில சொற்களே. படமோ குரலோ செல்லாது. ஆயினும் விதி உடைந்தது.

யாருக்காக உடைந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். இதனை முதலிற் பெருமளவில் வாங்கியது ஷ்னைடர் என்னும் பெரிய லொறிப் போக்குவரத்துக் கம்பனி. முன்னர் சாரதி ஒரு நாளில் ஓரிரு முறை வழியிலே நிறுத்தித் தொலைபேசியில் அலுவலகத்துக்குத் தன் நிலையைக் கூறுவான். எங்கே நின்றான், ஏன் தாமதித்தான் என்பன அவன் சொல்லித் தெரிய வேண்டியவை. இப்போது அலுவலக மேசையிலிருந்து ஒவ்வொரு லொறியும் எங்கு நிற்கிறதென அறியலாயிற்று. தொலைபேசிக்காகக் காத்துக் கிடக்கும் அலைச்சல் சாரதிக்குக் குறைந்தது. வெறுமையாகத் திரும்பும் லொறிகளின் ஓட்டம் முதலாளிக்குக் குறைந்தது. கூடவே, வழியிலுள்ள நேரம் முன்போற் சாரதியின் கையிலிருக்கவில்லை. டெட்ரோயிற் வண்டியின் செவியை இங்கு நினைவுகூரலாம். 2003 இல் ஈராக்கினுள் புகுந்த அமெரிக்கப் படையின் ஊர்திகளில் பொருத்தப்பட்டிருந்த செய்மதி வழி இடமறி கருவிகளும் இவ்வகையினவே. தன் படை எங்கே நிற்கிறது என்பதைத் தலைமையகம் திரையிற் கண்டது.

பயணிக்கென வந்தவை பெரும்பாலும் வாங்குவன மட்டுமே. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் தொடங்கிய செய்மதி வானொலிகளும், 2003 இல் கே.வி.எச். நிறுவனம் பெரிய கார்களின் கூரைக்கெனச் செய்த தட்டையான தொலைக்காட்சி அன்ரனாவும் குறிப்பிடத்தக்கன. இவற்றுள் சிரியஸ் வானொலி செய்த தேர்வு கருத்தைக் கவர்வது. நிலைச் செய்மதி வட நாடுகளில் தாழ்ந்தே தெரியும். இலண்டனில் அது தொடுவானத்துக்கு மேல் 31 பாகைக்கு மேல் எழாது. கொழும்பில் 82 பாகை வரை, ஏறக்குறைய உச்சியிலேயே, நிற்கும். தாழ்ந்து தெரியும் செய்மதியை வீதியோரக் கட்டடமும் மரமும் மறைத்துவிடும். ஆகவே சிரியஸ் நிலைச் செய்மதியையே கைவிட்டு, நீள்வட்டப் பாதையில் மாறி மாறி உயர்ந்து வரும் மூன்று செய்மதிகளை அனுப்பியது. ஊர்திக்கென்று தனியே சிந்தித்தவர்கள் கிளார்க்கின் வளையத்தை விட்டு விலகினர் என்பதற்கு இது முற்குறி.

முழு விலகல் தாழ்ந்த பாதைச் செய்மதிக் கூட்டங்களோடு வந்தது. 1998 இல் இரிடியம் நிறுவனம் 66 செய்மதிகளோடு கைத்தொலைபேசிச் சேவை தொடங்கி மறு ஆண்டே முறிந்தது. பின்னர் வேறு கைகளில் உயிர் பெற்றது. 2019 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஸ்டார்லிங்க் செய்மதிகளின் முதற் கூட்டத்தை, 60 ஆக, ஏவியது. ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் செய்மதி சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும். தரை அன்ரனா ஒன்றை விட்டு ஒன்றை ஓயாது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கூன்ஹில்லியின் பொறியியலாளர் கண்டு அஞ்சிய நிலையே இது. ஆனால் இப்போது திருப்புவதற்குக் கிண்ணம் இல்லை. தட்டையான பலகையில் நூற்றுக்கணக்கான சிறு அன்ரனாக்கள் பரவியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஊட்டப்படும் அலையின் அவத்தையைச் சற்றுச் சற்று மாற்றினால் எல்லாம் கூடிய கற்றை வேண்டிய திசையிற் சாயும். பலகை அசைவதில்லை. இதன் தத்துவத்தை 1905 இலேயே ஜேர்மன் அறிஞர் பேர்டினண்ட் பிரவுன் செய்து காட்டியிருந்தார். யுத்தகால ராடர் அதனை வளர்த்தது. மலிவான நுண்சில்லுகள் அதனைச் சந்தைக்குக் கொண்டு வந்தன.

இங்கேயே எமது வினாவுக்கு விடை உண்டு. நிற்கும் செய்மதியை நோக்கும் வீட்டுக் கிண்ணத்துக்குத் திரும்பும் ஆற்றல் வேண்டியதில்லை. ஆதலால் மலிவான கிண்ணம் அவ்வாற்றலைப் பெறவேயில்லை. செய்மதி ஓடத் தொடங்கியதும் வீட்டு அன்ரனாவுக்கும் அவ்வாற்றல் இன்றியமையாததாயிற்று. இலட்சக்கணக்கான வீடுகளுக்காகச் செய்யப்பட்டமையால் அதன் விலை விழுந்தது. ஓடும் செய்மதியை மில்லிசெக்கனிற் பிடிக்கவல்ல பலகைக்கு வண்டி மூலை திரும்புவது பெரிய காரியமன்று. ஆகவே ஊர்தி அன்ரனா பிறந்தது வீட்டுக் கிண்ணம் சிறுத்ததனால் அன்று. வீட்டு அன்ரனாவும் ஊர்தி அன்ரனாவும் ஒன்றாக வேண்டிய நிலை ஏற்பட்டதனால் ஆகும்.

பயனாளர் இதனைக் கம்பனிக்கும் அரசுக்கும் முன்னரே கண்டுகொண்டனர். 2021 இல் கலிபோர்னிய நெடுஞ்சாலைப் பொலிசார் வீட்டுக்குரிய ஸ்டார்லிங்க் கிண்ணத்தைத் தன் காரின் முன்மூடியில் ஒட்டிவைத்து ஓட்டிய ஒருவருக்குத் தண்டச் சீட்டு வழங்கினர். பார்வையை மறைக்கவில்லையா என வினவியதற்கு, வலப்பக்கம் திரும்பும்போது மட்டுமே மறைக்கிறது என்று அவர் விடையிறுத்தாராம். 2022 யூன் 30 ஆம் திகதி அமெரிக்க ஆணைக்குழு ஓடும் ஊர்திகளில் இச்சேவைக்கு அனுமதி அளித்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஊர்திக்கென வந்த பெரிய பலகையின் விலை 2,500 டொலர். அது 110 முதல் 150 உவாற்று வரை மின்வலுவை உண்டது. 2024 இல் வந்த 'மினி' என்னும் பலகை ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் நீளமும் 26 சென்ரிமீற்றர் அகலமும் 1.1 கிலோகிராம் நிறையும் உடையது; 25 முதல் 40 உவாற்று போதும்; காரின் 12 உவோல்ற்று மின்னிலேயே இயங்கும்.

இதனை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்பது மீண்டும் கூரையின் கதையே. உருக்குக் கூரையின் கீழ் வைத்தாற் பயனில்லை. கண்ணாடிக் கூரையின் கீழோ முன் கண்ணாடியின் கீழோ வைத்து வெற்றி கண்டோர் பலர். வெயிலின் வெப்பத்தைத் தடுப்பதற்காக மெல்லிய உலோகப் பூச்சிட்ட கண்ணாடியில் அவ்வழி பலிக்காது; ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர் அலைநீளமுடைய வானலைக்கு அப்பூச்சு தகரத்துக்கு நிகரானது. முன் கண்ணாடியின் கீழ் வைத்தால் கூரை பின்பக்க வானத்தை மறைக்கும். தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும். எம்போன்ற நாடுகளில் வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பமே கருவியைத் தற்காலிகமாக நிறுத்திவிடப் போதுமானது. வெளியே வைத்தாலோ காற்றின் உந்துதலும் திருட்டும் மழையும் உண்டு. வாடகைக் காரில் ஓரிரு நாள் செல்பவனுக்கு உள்ளே வைப்பதே ஏற்றது; நாள்தோறும் காட்டு வழி செல்லும் மருத்துவ ஊர்திக்கு வெளியே திருகாணியால் இறுக்குவதே தக்கது என்பது எமது கருத்து.

இத்துணை எளிதாகக் கைக்கு வந்த கருவியின் ஆட்சி எவர் கையிலுள்ளது என்னும் வினா 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கியதும் கூர்மையடைந்தது. படையெடுப்புத் தொடங்கிய நாளிலேயே வயாசாற் நிறுவனத்தின் நிலைச் செய்மதிச் சேவை இணையத் தாக்குதலால் முடக்கப்பட்டது. சில நாள்களில் ஸ்டார்லிங்க் கருவிகள் வந்து சேர்ந்தன. படை ஊர்திகளின் கூரைகளிலும் ஏறின. வெளிர்நிறக் கிண்ணம் மேலிருந்து பார்க்கும் ஆளில்லா வானூர்திக்குத் தெரியுமாதலால் அதற்கு நிறம் பூசியும் வலை போர்த்தியும் மறைத்தனர். ரொமெலின் சட்ட அன்ரனா பட்ட பாடே இதுவும். 2023 பெப்ரவரியில், தாக்குதலுக்கான ஆளில்லா வானூர்திகளை இயக்க அச்சேவை பயன்படுவதைக் கட்டுப்படுத்த நடவடிக்கை எடுத்துள்ளதாக ஸ்பேஸ்எக்ஸின் தலைவர் குவின் ஷொட்வெல் கூறினார். ஒரு நாட்டின் களத்தில் எந்த அன்ரனா எதற்குப் பேசலாம் என்பதை வேறொரு நாட்டிலுள்ள தனியார் கம்பனி தீர்மானிக்கும் நிலை முன்னர் கண்டதன்று.

இத்தீர்மானத்தை நிறைவேற்றும் வழி அன்ரனாவின் உள்ளேயே அமைந்துள்ளது. பழைய நிமிர்ந்த கம்பி வாங்கும்போது தான் இருக்குமிடத்தை எவருக்கும் கூறியதில்லை. ஒடுங்கிய கற்றையால் இயங்கும் செய்மதிக்கோ, அக்கற்றையை எங்கே பாய்ச்சுவது என அறிய, அன்ரனாவின் இடம் தெரிந்தே ஆகவேண்டும். பலகை தன் இடத்தைக் கூறிக்கொண்டே ஓடுகின்றது. அனுமதியில்லாத எல்லையைக் கடந்தால் சேவை நின்றுவிடும். லொறிச் சாரதியை நோக்கிய அலுவலக மேசை இன்று கண்டங்களை நோக்குகின்றது. இலங்கையில் ஸ்டார்லிங்குக்கு 2024 ஓகஸ்டில் உரிமம் வழங்கப்பட்டு 2025 யூலையில் சேவை ஆரம்பமானது. வெள்ளத்தில் கோபுரங்கள் செயலிழக்கும்போது நிவாரண ஊர்தியொன்றின் கூரையில் இத்தகைய பலகை இருத்தல் எத்துணை பயனுடையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வூர்தி எங்கே நிற்கிறது என்னும் தகவல் நாட்டுக்கு வெளியே தங்கும் என்பதும் உரிமம் வழங்குவோர் கருத்திற் கொள்ள வேண்டியதே.

இதனிடையே வண்டி செய்வோரும் வானத்தை நோக்கத் தொடங்கிவிட்டனர். 2016 இல் டெட்ரோயிற் மோட்டார்க் கண்காட்சியில் யப்பானின் ரொயோற்றா நிறுவனம், கைமெற்றா என்னும் நிறுவனத்தின் தட்டை அன்ரனாவைப் பொருத்திய பரிசோதனைக் கார் ஒன்றைக் காட்டியது. 2022 யூன் 2 ஆம் திகதி சீனாவின் சீச்சாங் ஏவுதளத்திலிருந்து ஜீலி என்னும் மோட்டார்க் குழுமம், வழிகாட்டலுக்கும் தொடர்புக்குமான தன் சொந்தச் செய்மதிகள் ஒன்பதைத் தாழ்ந்த பாதைக்கு அனுப்பியது. காரை விற்பவரும் அதன் கூரைக்கு மேலே ஓடும் செய்மதியை வைத்திருப்பவரும் இங்கு ஒருவராயினர்.